கொயினாவைத் தேடிப் போய் ஊதாவில் விழுந்த கதை

இரத்தம் சிவப்பு என்று யார் சொன்னார்கள்? விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். வெளிறிப்போன மஞ்சளில் வட்டம் வட்டமாக ஏதோ மிதக்கும். அவ்வளவுதான். வீரம், குலப்பெருமை, "இது எங்கள் இரத்தத்திலேயே ஊறியது" என்றெல்லாம் மேடையில் முழங்குகிறோமே, அதில் ஒன்றுகூட அங்கே தட்டுப்படாது.

நம் உடம்புக்குள் இருக்கும் சரக்கில் பெரும்பகுதி இப்படித்தான், நிறமே இல்லாமல் கிடக்கிறது. நுணுக்குக்காட்டி வந்து இருநூறு வருஷம் ஆன பிறகும் மேதைகள் இந்த நிறமில்லாத பண்டத்தை வெளிச்சத்தில் பிடித்துக் கண் வலிக்க வலிக்கப் பார்த்தார்கள். பாதியைப் பார்த்து வரைந்தார்கள், மீதியைத் தைரியத்தில் வரைந்தார்கள். கடைசியில் அவர்களைக் காப்பாற்றியது விஞ்ஞானம் அல்ல. துணிக்கடை.

லண்டன் துணிக்கடைக்கும் பதுளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். மடுல்சீமைக் கோப்பி இலை, ஹக்கலைப் பூந்தோட்டம், தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் நாக்கில் தடவின ஊதா மருந்து எல்லாம் வரிசையில் நிற்கின்றன. முதலில் ஒரு பையனைப் பார்த்துவிட்டு வருவோம்.

1856, ஈஸ்டர் லீவு. கிழக்கு லண்டனில் ஒரு வீட்டு மாடி. அங்கே பதினெட்டு வயசு வில்லியம் பெர்கின் போத்தல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். அவனுடைய வாத்தியார் ஹாஃப்மன், நிலக்கரித் தாரிலிருந்து கொயினா மருந்து செய்தால் எப்படியிருக்கும் என்று சும்மா கொளுத்திப்போட்டுவிட்டு, லீவுக்கு ஜெர்மனி போய்விட்டார். பையன் அதை ஹோம்வொர்க் என்று எடுத்துக்கொண்டான்.

அன்றைக்குக் கொயினா என்றால் தங்கம். மலேரியாவுக்கு அதைவிட்டால் வேறு மருந்தில்லை. அதுவும் தென்னமெரிக்க மலையில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையில்தான் கிடைத்தது. வெயில் நாடுகளை வளைத்துப்போட்டிருந்த வெள்ளைக்காரனுக்கோ இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிர்காய்ச்சல். சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தைப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு எப்படி ஆள்வது?

பெர்கினின் திட்டம் சுத்தமான கூட்டல் கழித்தல். தாரிலிருந்து வரும் ஒரு பொருளில் இரண்டு பங்கு, அதோடு கொஞ்சம் ஒட்சிசன், அதிலிருந்து தண்ணீரைக் கழித்தால் கொயினாவில் எத்தனை அணுவோ அத்தனை அணு. கணக்கு அச்சொட்டாக வந்தது. இரண்டு வீட்டிலும் கதவு, ஜன்னல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே வீடு என்று நம்புவது மாதிரிதான் இது. ஆனால் பதினெட்டு வயசில் அதைவிட மோசமானதையெல்லாம் நாமே நம்பியிருக்கிறோம்.

கிடைத்தது செம்பழுப்புச் சகதி. சரி, சரக்கை மாற்றுவோம் என்று அனிலினை எடுத்தான். இந்தத் தடவை கறுப்புச் சகதி. முன்னேற்றம்தான்! போத்தலைக் கழுவலாமே என்று ஸ்பிரிட்டை ஊற்றினால், அம்மாடியோவ், ஊதா! அந்த அனிலின் கலப்படச் சரக்கு என்பதுதான் இதில் விசேஷம். அசல் அனிலினாக இருந்திருந்தால் அந்த நிறம் வந்தேயிருக்காது. உலகத்தின் முதல் செயற்கைச் சாயத் தொழிற்சாலைக்குக் கலப்படக்காரர் ஒருவர்தான் அடிக்கல் நாட்டினார்.

பெர்கின் அதில் பட்டுத்துணியை முக்கினான், வெயிலில் போட்டான். சாயம் போகவில்லை. ஓகஸ்டில் பேட்டன்ட் வாங்கிவிட்டான். அப்பா வீட்டுச் சேமிப்பையெல்லாம் கொட்டித் தொழிற்சாலை கட்டிக்கொடுத்தார். லீவிலிருந்து திரும்பிய ஹாஃப்மனுக்கோ தலையில் கைவைக்காத குறை. காய்ச்சலுக்கு மருந்து தேடு என்றால் பயல் ஜவுளி வியாபாரத்தில் இறங்கிவிட்டானே!

அடுத்து நடந்தது அந்தக் காலத்து டிரெண்டிங். பிரான்ஸ் மகாராணி யூஜெனிக்கு ஊதா தன் கண்ணுக்கு எடுப்பாக இருப்பதாக ஓர் எண்ணம். 1858-ல் விக்டோரியா மகாராணி மகள் கல்யாணத்துக்கு ஊதா உடுத்திப் போனார். கூடாரம் அகலத்துக்குக் கவுன் போட்ட காலம் அது. ஒரு சீமாட்டிக்குச் சாயம் போட்டாலே தொழிற்சாலைக்கு ஒரு நாள் வேலை. லண்டன் 'பஞ்ச்' பத்திரிகை இதை ஊதாச் சின்னமுத்து என்று நையாண்டி பண்ணியது. தொற்றுநோய்க்கு மருந்து தேடியவன் ஒரு தொற்றுநோயையே கிளப்பிவிட்டான்.

லாபத்தைப் பார்த்ததும் ஐரோப்பாவில் கெமிஸ்ட்ரி படித்தவனெல்லாம் தாரில் கையை விட்டான். மஜந்தா, மெதில் வயலட், பிஸ்மார்க் பிரவுன், கொங்கோ ரெட் என்று வரிசையாக வந்தன. பேர்களைக் கவனித்தீர்களா? ஒன்று யுத்தம் நடந்த ஊர், ஒன்று பிரதம மந்திரி, ஒன்று ஐரோப்பியர் கூடிப் பங்குபோட்டுக்கொண்டிருந்த நாடு. நியூஸில் எது அடிபடுகிறதோ அதைச் சாய டப்பாவில் ஒட்டி விற்றார்கள்.

இனி நம்ம பக்கம்.

பையன் கொயினா செய்து முடிக்கட்டும் என்று வெள்ளைக்கார அரசாங்கம் காத்துக்கொண்டிருக்கவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனா விதையைக் கிளப்பிக்கொண்டு வந்து, 1861-ல் நுவரெலியாவிலிருந்து வெலிமடைக்கு இறங்குகிற பாதையில் ஹக்கலையில் நட்டது. இன்றைக்கு ரோஜாவுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோமே, அதே ஹக்கலைப் பூந்தோட்டம். மருந்துத் தோட்டமாகப் பிறந்து ஹனிமூன் ஸ்பொட்டாக வளர்ந்தது அது. மலைநாட்டுத் துரைமார் அப்போது சிங்கோனாவைச் சட்டை பண்ணவில்லை. அவர்கள் கையில் கோப்பி இருந்தது. கோப்பி இருக்கிறவனுக்குப் புத்திமதி எதற்கு?

1869 மே மாதம், மடுல்சீமை. ஒரு தோட்டத்தில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் புள்ளி விழுந்தது. தடவினால் விரலில் செம்மஞ்சள் தூள் ஒட்டும். கொஞ்ச நாளில் இலை உதிரும். யாரோ ஒரு புண்ணியவான் அந்த இலையைப் பறித்துப் பேராதனைக்கு அனுப்பிவைத்தார். ஊவா மலையிலிருந்து உலக விஞ்ஞானத்துக்குப் போன முதல் பெரிய பார்சல் அதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவர் துவைட்ஸ், ஒரு காலத்தில் பிரிஸ்டல் நகரத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவர். நம்ம பாஷையில் கணக்கப்பிள்ளை. நுணுக்குக்காட்டிப் பைத்தியம் முற்றித் தாவர மேதையாகி இலங்கைக்கு வந்து சேர்ந்தார். பார்த்ததுமே இது ஏதோ பங்கசு என்று அவருக்குப் பட்டது. இலையை இங்கிலாந்தில் பார்க்லிக்கு அனுப்பினார். இவர் பாதிரியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற ஆறு நாளும் பங்கசு. அயர்லாந்தின் உருளைக்கிழங்கைச் சாகடித்த பூஞ்சணத்தை அடையாளம் காட்டியவர்களில் ஒருவர். அந்த வருஷம் நவம்பரிலேயே, புரூம் என்ற கூட்டாளியோடு சேர்ந்து, ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று மடுல்சீமைக்காரிக்கு ஞானஸ்நானம் செய்துவைத்தார்.

இந்தப் பேர் துரைமார் வாயில் நுழையவில்லை. 'டெவஸ்டேட்டிங் எமிலி' என்று செல்லமாக மாற்றிக்கொண்டார்கள். தங்களை நடுத்தெருவில் நிறுத்தப்போகிறவளுக்குச் செல்லப்பேர் வைத்துக் கூப்பிட்ட முதலாளிமார் சரித்திரத்தில் வேறு எங்காவது உண்டா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமிலிக்குச் சாயம் தேவையே இல்லை. தானே செம்மஞ்சள் பூசிக்கொண்டு, இலை இலையாக, மலை மலையாக, வெட்டவெளிச்சத்தில் நின்றாள். கண்ணாடி போடாத கிழவனுக்கும் தெரிந்தது. துரைமாருக்குத்தான் தெரியவில்லை. மழை சரியில்லை என்றார்கள், மண்ணில் சத்து இல்லை என்றார்கள், அடுத்த வருஷம் போய்விடும் என்றார்கள். கோப்பி விலை வேறு ஏறிக்கொண்டிருந்தது. அதனால் மரம் சாகச் சாக, இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். எமிலிக்குப் பந்தி பரிமாறினார்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

பத்து வருஷம் கழித்துத்தான் ஒரு நிபுணரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. 1880-ல் மார்ஷல் வார்ட் கப்பலில் வந்து இறங்கினார். இருபதுகளில் இருந்த வாலிபர். கண்ணாடித் தகடுகளில் பசையைத் தடவித் தோட்டங்களில் தொங்கவிட்டார். காற்றில் பறந்து வரும் வித்திகள் அதில் ஒட்டிக்கொண்டன. ஈரத்தில் அவை முளைவிட்டு, இலை மூச்சுவிடுகிற துவாரம் வழியாக உள்ளே நுழைவதை ஒவ்வொரு கட்டமாகக் காட்டினார். அருமையான வேலை. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் நிற்கிறது.

துரைமார் கேட்டது வேறு. "சரி தம்பி, மருந்து என்ன?" வார்ட் ஒளிக்காமல் சொன்னார்: மலை தொடக்கம் மலை வரை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டு வைத்திருக்கிறீர்கள், காற்று அடித்தால் வித்தி போகாமல் என்ன செய்யும்? அதாவது, வியாதிக்குக் காரணம் பங்கசு; பங்கசுக்குக் காரணம் நீங்கள். 1882-ல் அவர் கப்பலேறியபோது துறைமுகத்தில் பெரிய கூட்டம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கோப்பி செத்ததும்தான் துரைமாருக்கு ஹக்கலை ஞாபகம் வந்தது. எல்லாரும் ஒரே மூச்சில் சிங்கோனாவுக்குத் தாவினார்கள். 1886 வாக்கில் வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை கப்பலேறியது. கொயினா விலை சடசடவென்று விழுந்தது. மரத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேயிலைக்குத் தாவினார்கள். கோப்பிக்காவது எமிலி தேவைப்பட்டாள். சிங்கோனாவைத் துரைமார் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

இந்தத் தாவல்களுக்கெல்லாம் நடுவில், மன்னார்க் கரையிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து வந்த நம்ம ஆட்கள் கூலி பாக்கியோடு நின்றார்கள். துரைக்கு நஷ்டம் வந்தால் அது சரித்திரம். கூலி வராவிட்டால் அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. அதுவும் பென்சிலில்.

இனி சாயத்துக்கு வருவோம். மார்ஷல் வார்ட் பிறந்த அதே 1854 மார்ச் மாதம் ஜெர்மனியில் இன்னொரு பிள்ளை பிறந்தது. பேர் பால் எர்லிக். மெடிக்கல் படிக்கப் போனவர், துணிச்சாயத்தை எடுத்து மேசை, கை, சட்டை, கண்ணில் படுகிற திசு என்று பாகுபாடில்லாமல் பூசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பெரிய மனுஷரான ராபர்ட் கோக் லெப்புக்கு வந்தபோது, அங்கிருந்த ஒருவர் இவரைக் காட்டி, "இது சின்ன எர்லிக், சாயம் போடுவதில் சூரன், ஆனால் பரீட்சை பாஸ் பண்ண மாட்டான்" என்று அறிமுகப்படுத்தியதாக ஒரு கதை உண்டு. பிற்காலத்தில் நோபல் பரிசு வாங்கியவர்கள் எல்லாரைப் பற்றியும் இப்படி ஒரு கதை இருக்கும். வாங்காத மற்ற மக்கு மாணவர்களைப் பற்றித்தான் யாரும் கதை சொல்வதில்லை.

எர்லிக் கண்டது எளிமையான ஒன்று. ஒரு சாயம் எல்லாவற்றிலும் ஒட்டுவதில்லை. ஒன்று கருவைப் பிடிக்கும், ஒன்று அதைச் சுற்றியிருப்பதைப் பிடிக்கும், ஒன்று கிருமியை மட்டும் பிடித்துக்கொண்டு விடவே விடாது. துணிக்காரன் எதை "ஐயோ, சீராகப் பிடிக்கவில்லையே" என்று குறை சொல்வானோ, அதுவே டொக்டருக்கு வரப்பிரசாதம்.

1882-ல் கோக் டீ.பி. கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்த கையோடு, எர்லிக் அதற்கு இன்னும் நல்ல சாயம் போடுகிறேன் என்று உட்கார்ந்தார். தகடுகளை அணைந்த அடுப்பின் மேல் காயவைத்துவிட்டுப் போனாராம். விடியற்காலையில் வேலைக்காரம்மா கவனிக்காமல் அடுப்பை மூட்டிவிட்டாராம். பதறிப்போய் வந்து பார்த்தால், சூட்டில் கிருமிக்குள் சாயம் அற்புதமாக ஏறியிருந்தது. பிறகு ஸீல், நீல்சன் என்ற இருவர் இந்த முறையைச் சீர்செய்து தங்கள் பேரைப் போட்டுக்கொண்டார்கள். ஃபுக்சின் சாயத்தை ஊற்றித் தகட்டுக்கு அடியில் சூடு காட்டுகிற அந்த வேலை நூறு வருஷத்துக்கு மேலாகச் சளிப் பரிசோதனை செய்யும் லெப்களில் எல்லாம் நடந்தது. அடுப்பு மூட்டிய அம்மா பேர் மட்டும் எந்தப் போத்தலிலும் இல்லை.

இதில் எர்லிக்குக்குத் தன் சாயமே வில்லனாகியது. இருமல் வந்தது. தன் சளியைத் தானே தகட்டில் தடவி, தன் முறைப்படியே சாயம் போட்டுப் பார்த்தார். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள்! ஒன்றரை, இரண்டு வருஷம் எகிப்து வெயிலில் கிடந்து தேறி வந்தார். ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுருட்டுப் பிடிக்கிற பழக்கத்தை மட்டும், எல்லா டொக்டர்களையும் போல, நோயாளிகளுக்குத்தான் தடை பண்ணியிருப்பார்.

மலேரியா? அந்தக் கிருமியை 1880-ல் அல்ஜீரியாவில் லவெரன் என்ற பிரெஞ்சு இராணுவ டொக்டர் கண்டுவிட்டார். சாயமில்லாமல், வெறும் இரத்தத்தில். பெரிய தலைகள் நம்பவில்லை. சாயம் போட்டுக் காட்டினால் நம்பலாமே என்று மெதிலீன் புளூவைப் போட்டார்கள். எல்லாம் நீலமாக வந்தது. எது கிருமி, எது கிருமியின் கரு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1891-ல் ரஷ்யாவில் ரொமனோவ்ஸ்கி என்ற இளைஞர் மெதிலீன் புளூவோடு இயோசின் என்ற இளஞ்சிவப்புச் சாயத்தைக் கலந்தார். புதுச்சரக்கு சரிவரவில்லை. மூடாமல் விட்டுப் பூஞ்சணம் பிடித்த பழைய நீலம்தான் வேலை செய்தது. கிருமியின் உடல் நீலம், கருவோ செவ்வூதா! இரண்டு சாயத்திலும் இல்லாத மூன்றாவது நிறம். கெட்டுப்போன போத்தலுக்குள் மெதிலீன் புளூ மெல்ல உருமாறியதால் வந்த அதிசயம் அது. பெர்கினுக்குக் கலப்படம், எர்லிக்குக்கு அடுப்பு, ரொமனோவ்ஸ்கிக்குப் பூஞ்சணம். லெப்பைச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் பேர் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை.

இயோசினுக்கு ஒரு உபகதை உண்டு. அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஹைன்ரிஹ் காரோ, சின்ன வயசுத் தோழி ஒருத்தியின் செல்லப்பேரான 'ஈயோஸ்' என்பதை அந்தச் சாயத்துக்கு வைத்தார். மற்றவன் யுத்தத்தையும் மந்திரியையும் டப்பாவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, இந்த மனுஷன் பள்ளிக்கூடக் காலத்து நினைவை ஒட்டினார். பிபிலையில், மஹியங்கனையில், மொனராகலையில் காய்ச்சல்காரர் விரலில் குத்தி எடுத்த ஒவ்வொரு துளி இரத்தத்தின் மேலும் முன்பின் தெரியாத அந்த ஜெர்மன் பெண் பேர் விழுந்திருக்கிறது.

ரொமனோவ்ஸ்கிக்குப் பிறகு ஆரம்பித்தது பேர் சூட்டும் திருவிழா. கொஞ்சம் மெதனோல் சேர்த்தால் லீஷ்மன் சாயம். அமெரிக்காவில் கலந்தால் ரைட் சாயம். ஹம்பர்க்கில் கிளிசரின் சேர்த்தால் கீம்சா சாயம். மலாயாவில் அவசரத்துக்குச் செய்தால் ஃபீல்ட் சாயம். இந்தியாவில் ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி இருவரும் 1944-ல் ஒன்று செய்து ஜே.எஸ்.பி. என்று இனிஷியல் போட்டார்கள். உள்ளே இருப்பது அதே நீலமும் அதே இளஞ்சிவப்பும்தான். இப்போது ஒரே ஃபோனுக்குப் புரோ, மேக்ஸ், பிளஸ் என்று பேர் வைக்கிறார்களே, அந்த வித்தை அன்றைக்கே உண்டு.

சென்னையிலும் ஒரு ரகளை. கறுப்புக் காய்ச்சல் நோயாளியின் மண்ணீரலில் லீஷ்மன் ஏதோ கண்டதாக 1903 மே மாதம் லண்டனில் எழுதினார். சென்னையில் டொனவன், "அதை நானும் கண்டேன்" என்று ஜூலையில் எழுதினார். யார் முந்தி? பஞ்சாயத்துக்கு ரொனால்ட் ராஸ் வந்தார். மலேரியா நுளம்பைப் பற்றிக் கண்டுபிடித்த கையோடு அதைப் பற்றிக் கவிதையும் எழுதிக்கொண்டவர் ஆயிற்றே, புகழ் ஆசை அவருக்குத் தெரியாதா? லீஷ்மேனியா டொனவானி என்று இரண்டு பேரையும் ஒரே கிருமியின் தலையில் கட்டிவிட்டார். கிருமியை யாரும் கேட்கவில்லை.

அதே 1903-ல் கொழும்பில் வந்து இறங்கினார் அல்டோ காஸ்டெல்லானி. இத்தாலிக்காரர். உகண்டாவில் தூக்க வியாதிக் கிருமியை யார் முதலில் கண்டது என்று டேவிட் புரூஸ் கோஷ்டியோடு ஏற்கெனவே தகராறு. அது பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் இழுபட்டது. ஆனால் மனுஷன் கெட்டிக்காரர். 1905-ல் பறங்கிப்புண்ணின் கிருமியைக் கண்டது இவர்தான். தேயிலையை உறிஞ்சி, முகர்ந்து, ருசி பார்த்துத் தரம் சொல்பவர்களுக்கு வரும் இருமலையும் ஆராய்ந்து, அதற்குக் காரணம் பங்கசு என்றார். கோப்பி இலையில் பங்கசு பார்த்த நாட்டில் தேயிலைத் தொண்டையிலும் அதைத் தேடியவர்!

பின்னாளில் இங்கிலாந்தில் சேர் பட்டம், இத்தாலியில் பிரபுப் பட்டம், முசோலினியின் எதியோப்பிய யுத்தத்தில் மருத்துவத் தளபதி என்று எல்லாப் பக்கமும் மாலை வாங்கிக்கொண்டார். கடைசியில் நாடிழந்த இத்தாலி மகாராணியோடு லிஸ்பனுக்குப் போய், தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். இவ்வளவு பட்டத்தில் உலகம் இன்று ஞாபகம் வைத்திருப்பது எதை? காஸ்டெல்லானி பெயின்ட். டீ.பி. கிருமிக்குப் போடுகிற அதே ஃபுக்சின் சாயத்தில் இன்னும் சில சரக்குகளைக் கலந்து, தோலில் வரும் படைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் பூசுகிற மஜந்தா மருந்து. பிரபுவின் பேர் கால்விரல் இடுக்கில் நிலைத்துவிட்டது.

இதற்கு நேரெதிர் ஆள் டென்மார்க்கின் கிராம். 1884-ல் பெர்லின் பிண அறையில் நுரையீரல் துண்டுகளோடு போராடி, ஊதாவைப் போட்டு, அயடீனால் பிடிக்கவைத்து, ஸ்பிரிட்டால் கழுவுகிற முறையைக் கண்டார். சில கிருமி ஊதாவை விடாது, சில விட்டுவிடும். இன்றைக்கும் பக்டீரியா உலகம் பெரும்பாலும் அந்த இரண்டு கட்சிதான். அவர் என்ன எழுதினார் தெரியுமா? இந்த முறையில் குறை நிறைய இருக்கிறது, மற்றவர்கள் கையில் தேறினால் சந்தோஷம் என்ற தொனியில் ஒரு பணிவான குறிப்பு. இன்று உலகத்தில் எந்த ஊர் மைக்ரோபயாலஜி லெப்பிலும் தினமும் அவர் பேரைத்தான் சொல்கிறார்கள்.

கிராம் போட்ட ஊதாவை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஜென்ஷன் வயலட். வாய்ப்புண் என்று தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால், ஐயா குச்சியில் பஞ்சைச் சுற்றி, சின்னப் போத்தலுக்குள் விட்டு எடுப்பார். "ஆ காட்டு." நாக்கு, உதடு, பல், சட்டைக் காலர், கூட்டிப்போன அம்மாயியின் முந்தானை எல்லாம் ஊதா. லயத்துக்குத் திரும்பினால் மற்றப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு விடமாட்டார்கள். விக்டோரியா மகாராணி தேடித் தேடி உடுத்திய நிறத்தை நமக்கு ஃபிரீயாகவே வாயில் பூசிவிட்டார்கள். நாம்தான் அருமை தெரியாமல் அழுதோம்.

எல்லாச் சாயமும் ஜெர்மனியிலிருந்து வந்ததால், 1914-ல் யுத்தம் வந்ததும் உலக லெப்களெல்லாம் கலர் இல்லாமல் தவித்தன. 1916-ல் டொய்ச்லாண்ட் என்ற நீர்மூழ்கிக் கப்பல் பிரிட்டிஷ் காவலுக்கு அடியில் பதுங்கிப் பதுங்கி அட்லாண்டிக்கைக் கடந்து பால்டிமோரில் தலைதூக்கியது. அமெரிக்காக்காரன் பயந்து போய்ப் பார்த்தால், உள்ளே குண்டு இல்லை. சாயப்பொடி!

1934-ல் இலங்கையில் மழை பொய்த்தது. ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின, நுளம்பு பெருகியது. அதோடு வந்த மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். இங்கே பகிடிக்கு இடமில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒன்றரைக் கோடி இறாத்தல் சிங்கோனாப் பட்டையை ஏற்றுமதி செய்த தீவு, அந்த வருஷம் கொயினாவை வெளியிலிருந்து வரவழைத்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனின் கொயினா என்ன ஆயிற்று? 1944 ஏப்ரலில் அமெரிக்காவில் வுட்வர்ட், டோரிங் என்ற இரண்டு வாலிபர்கள் அதைச் செய்யும் வழியைக் கண்டார்கள். ஹோம்வொர்க் கொடுத்து எண்பத்தெட்டு வருஷம்! அதே மாதம்தான் மவுண்ட்பேட்டன் தன் யுத்தத் தலைமையகத்தைத் துவைட்ஸ் ஆண்ட அதே பேராதனைப் பூந்தோட்டத்துக்கு மாற்றினார். அவருடைய பர்மாச் சிப்பாய்கள் சாப்பிட்டது கொயினா அல்ல, மெபக்ரின். மெதிலீன் புளூவை நோண்டி நோண்டிச் சாயக் கம்பனிக்காரர்கள் கண்டுபிடித்த மாத்திரை. சாப்பிட்டவன் தோல் மஞ்சளாகும். ஆண்மை போய்விடும் என்று ஒரு வதந்தி கிளம்ப, சிப்பாய்கள் மாத்திரையைத் துப்பினார்கள். மாத்திரை விழுங்காத படையின் அதிகாரியைத் தொலைப்பேன் என்று ஜெனரல் ஸ்லிம் மூன்று பேரைப் பதவியிறக்கிய பிறகுதான் விழுங்கினார்கள். ஜப்பான்காரன் குண்டுக்கு அஞ்சாத வீரன் அஞ்சியது அந்த ஒரு மாத்திரைக்குத்தான்.

1963-ல் இலங்கை முழுக்கவும் மலேரியா நோயாளிகள் 17 பேர். "ஒழிந்தது சனியன்" என்று எல்லாரும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்கள். 1969-ல் ஐந்து லட்சத்துக்கும் மேல்! இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் விரல் குத்தி, சாயம் போட்டு, பார்த்துப் பார்த்துத்தான், 2012 ஒக்டோபரோடு உள்நாட்டு மலேரியா நின்றது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சேர்டிஃபிகேட் கொடுத்தது.

அந்தப் பார்க்கிற வேலை இருக்கிறதே, அது துரைத்தனம் பண்ணுகிற வேலை அல்ல. ஒரே தகட்டில் ஒரு சொட்டைக் கனமாகவும் ஒரு சொட்டை மெல்லிசாகவும் எடுக்க வேண்டும். காய வேண்டும். மெல்லிசை மெதனோலில் நனைத்து, கீம்சாவை அளவாகக் கரைத்து ஊற்ற வேண்டும். தண்ணீரின் அமிலக் கணக்கு 7.2-ல் நிற்க வேண்டும். கொஞ்சம் அமிலம் கூடினால் எல்லாம் ரோஜா நிறமாகிக் கிருமியின் செம்புள்ளி காணாமல் போகும். பிறகு எண்ணெய்ச் சொட்டு வைத்து, கண்ணில் படும் வட்டம் ஒரு 'வயல்' என்று கணக்கு வைத்து, வயல் வயலாக நகர்த்தி, நூறு வயல் பார்க்க வேண்டும். நீல மோதிரம், அதில் ஒரு சிவப்புக் கல். கண்டால் பொசிட்டிவ். கரையாத சாயப்பொடி ஒன்று ஒட்டிக்கொண்டு கிருமி மாதிரியே நடிக்கும், அதற்கும் ஏமாறக்கூடாது.

இப்போது லெப் டெக்னீஷியன்களுக்கு வந்திருக்கிற கஷ்டம் புதுசு. வெளிநாடு போய்த் திரும்புகிற யாராவது கொண்டுவந்தால் உண்டு, இல்லாவிட்டால் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் மோதிரம் கிடையாது. பார்க்காவிட்டால் கண் மறந்துவிடும், மறந்தால் ஒரு நாள் வந்தவனைக் கோட்டைவிட்டுவிடும். அதனால் பழைய பொசிட்டிவ் தகடுகளைப் பெட்டியில் பூட்டி வைத்து, அவ்வப்போது எடுத்துக் கொடுத்துப் பரீட்சை வைக்கிறார்கள். நாட்டைவிட்டுத் துரத்திய கிருமிக்கு லெப் அலமாரியில் மட்டும் நிரந்தர வதிவிட அனுமதி. சாயம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வதும் டெக்னீஷியன் பொறுப்பு.